கீழ் வரிசையில் பதினொரு பிள்ளைகள்

யாராவது யாரையாவது "சத்தம் சந்தடி இல்லாத நல்ல சனம்" என்று புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனைவி பக்கத்தில் இருந்தால் மேசைக்குக் கீழே என் முழங்கையைப் பிடித்து அழுத்துவாள். விருந்துக்குப் போன வீட்டில் சண்டை வரக்கூடாது என்பது அவளுடைய கவலை. நான் யாரை நினைத்துக் கொதிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். எழுபதுகளின் நடுவில், மெல்பேர்ணின் கிழக்கு விளிம்பில், த பேசின் என்ற மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் இருந்த ஒரு சின்ன ஜெர்மன் ஊரைத்தான் நினைக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் இன்று அங்கே போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை.

நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. மல்கிரேவ் புறநகரில் இரண்டு அறை வீடு. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த என் மனைவி ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கொழும்பில் நில அளவைக் கந்தோரில் எட்டு வருடம் படம் வரைந்த எனக்கு, சிங்களச் சோதனை எழுத மறுத்ததால் ஒரு படிகூட ஏற்றம் தரவில்லை. இங்கே ஒரு கவுன்சிலின் வீதிப் பகுதியில் அதே வேலை கிடைத்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிடித்திருந்தால் நிரந்தரம். நாடு முழுவதும் அடியிலிருந்து மீட்டருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. பழைய வரைபடங்களை மீட்டரில் திரும்ப வரைய ஆள் தேவைப்பட்டது. என் தோலின் நிறம் மாறவில்லை, அவர்களுடைய அளவுகோல் மாறியதால் வேலை கிடைத்தது.

அந்த ஊரை நான் முதலில் கண்டது கடதாசியில்தான். ஒரு மேட்டின் முதுகில் கருங்கல் தேவாலயம். அதன் இடப்பக்கம் தகரக் கூரை போட்ட மண்டபம். எதிரே பழங்களை வைக்கும் குளிர்க்களஞ்சியம், அதை ஒட்டித் தொண்டர் தீயணைப்பு வண்டி நிற்கும் கொட்டில். மேட்டின் இரண்டு சரிவிலும் ஆப்பிள், பேரி, எலுமிச்சைத் தோட்டங்கள், காற்றைத் தடுக்க வரிசையாகப் பைன் மரங்கள். தேவாலயத்துக்குப் பின்னால் ஓடை வரைக்கும் இறங்கும் சரிவில் கல்லறைகள். ஓடையோரமாக, இருபதடி அகலத்தில், நீளமாக ஒரு துண்டு. அதன்மேல் எவனோ ஒருவன் பல வருடங்களுக்கு முன் 'வெறும் நிலம்' என்று எழுதியிருந்தான். அகலமாக்கப்போகும் வீதி அந்தத் துண்டின் மேலாகப் போக வேண்டும். நானும் மீட்டரில் அளந்து, அழகான எழுத்தில், 'வெறும் நிலம்' என்று எழுதினேன்.

பிறகு அளவைச் சரிபார்க்க நேரில் போனேன். நான் ஓடையோரமாக நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, எழுபது தாண்டிய ஒரு பெண்மணி மேலிருந்து இறங்கி வந்தார். தேவாலயத்தின் சாவி அவருடைய மேலங்கிப் பையில் இருந்தது. கூட்டிப் பெருக்குவது, மணி அடிப்பது, ஓர்கன் வாசிப்பது எல்லாம் அவர்தானாம். நான் யார், என்ன செய்கிறேன் என்று கேட்கவில்லை. நான் கால் வைத்திருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "குளிராக இருக்கிறது. மேலே வந்து கோப்பி குடியுங்கள்," என்றார்.

அன்றைக்கும் பிறகு இரண்டு தடவையும் அந்த மண்டபத்தில் கோப்பி குடித்தேன். ஊரின் கதை அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. நூறு வருடத்துக்கு மேல் இருக்கும், தங்கம் தேடி உலகமே மெல்பேர்ணுக்கு ஓடிவந்த காலத்தில் இவர்களுடைய ஆட்களும் வந்தார்கள். தங்கம் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்காமல் காட்டை வெட்டி ஆப்பிள் நட்டார்கள். இது எப்படிப்பட்ட சனம் என்று எனக்கு அதிலேயே விளங்கியிருக்க வேண்டும். தேவாலயம், பள்ளிக்கூடம், களஞ்சியம் எல்லாம் தாங்களே கட்டினார்கள், பாதையைக்கூடத் தாங்களே போட்டார்கள். அரசாங்கத்திடம் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லும்போது அவருடைய குரலில் ஒரு பெருமை இருந்தது.

ஊர்க் கூட்டத்தை அவர்கள் நடத்துகிற விதத்தைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிய, மண்டபத்தில் கூடுவார்கள். தலைவர் விஷயத்தைச் சொல்வார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் அது நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதப்படும். யாராவது தொண்டையைச் செருமினால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். கை உயர்த்துவது, வாக்கு எண்ணுவது, எழும்பி நின்று பேசுவது ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் ஒரு சனசமூக நிலையக் கூட்டம் கதிரை உடையாமல் முடிந்தால் அதுவே பெரிய செய்தி. செருமி ஊராளுகிற சனத்தை நான் அங்கேதான் கண்டேன்.

கடைசித் தடவை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வரும்படி அந்தப் பெண்மணி முறையாக அழைத்தார். போனால், மண்டபத்தில் ஆறு ஆண்கள் கோட்டும் டையுமாக இருக்கிறார்கள். எனக்கு ஒரு கதிரை, கோப்பி, ஆப்பிள் கேக். கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் நன்றாகச் சீவிய பென்சிலும் வைத்திருந்தார்கள். நான் அவற்றைத் தொடவில்லை. மேசையின் நடுவில், துணி உறையில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது.

அவர் பேசினார், ஆண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாவது உலக யுத்தம் வந்தபோது ஊரின் ஜெர்மன் பெயரை அழித்து ஓர் ஆங்கிலத் தளபதியின் பெயரை வைத்தார்களாம். பள்ளிக்கூடத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். வேண்டாம், மூடாதீர்கள் என்று ஊர் ஆண்கள் ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். அந்த மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, கையெழுத்து வரிசைப்படி, பொலிஸ் வீடு வீடாக வந்தது. அவருடைய தகப்பனும் வேறு இரண்டு பேரும் சிட்னிப் பக்கத்து முகாமில் கம்பி வேலிக்குள் யுத்தம் முடியும்வரை இருந்தார்கள். அதன்பிறகு இந்த ஊரில் ஒருவரும் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் எந்தக் கடதாசியிலும் ஊர் விஷயமாகக் கையெழுத்துப் போட்டதில்லை. அரசாங்கத்து ஆளைப் பற்றி முறையிட்டதும் இல்லை.

பிறகு கீழ் வரிசையைப் பற்றிச் சொன்னார். அவர்களுடைய வழக்கப்படி பிள்ளைகளைக் குடும்பத்தோடு புதைப்பதில்லை. தனி வரிசையில், இறந்த ஒழுங்கில் புதைப்பார்கள். யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன்பு ஒரு குளிர்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் வந்து பதினொரு பிள்ளைகள் போனார்கள். ஓடையோரமாக அந்த வரிசை. பிள்ளைகளுக்குக் கல் வைப்பதில்லை, மரச் சிலுவைதான். யுத்தக் காலத்தில் வெளியாட்கள் வந்து ஜெர்மன் எழுத்துள்ள கற்களை உடைக்கத் தொடங்கியபோது, பெற்றவர்களே ஓர் இரவில் போய்ப் பதினொரு சிலுவைகளையும் பிடுங்கி அடுப்பில் வைத்து எரித்துவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவர்களுக்கு உண்மையாகவே பேய் வந்தது. பிள்ளைகள் எங்கே கிடக்கிறார்கள் என்பது அந்தப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பழைய ஜெர்மன் கையெழுத்தில், எந்த மூலையிலிருந்து எத்தனை காலடி என்று எழுதியிருந்தது.

அவர் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து வயதுகளை மட்டும் ஆங்கிலத்தில் வாசித்தார். நாலு மாதம். இரண்டு வயது. ஒன்பது வயது. ஏழாவது வரியில் விரல் நின்றது.

"ஆறு வயது. என் தங்கை," என்றார்.

நானும் சொன்னேன். என் நாட்டில் நாட்டின் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்றும், என் மொழியில் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் பதில் வராது என்றும், எங்கள் ஆட்கள் எழுதாத மனு இல்லை, இருக்காத உண்ணாவிரதம் இல்லை என்றும் சொன்னேன். ஆறு பேரும் மேசையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு விளங்குகிறது," என்று சொல்லி எழும்பி ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடிபட்ட இரண்டு சனம் ஒன்றையொன்று கண்டுகொண்ட புனிதமான சந்திப்பு என்று நினைத்துக்கொண்டு, கண் கலங்கக் காரோட்டி வீட்டுக்கு வந்தேன். என்னைப்போல ஒரு மடையனை அந்த மேடு கண்டிருக்காது.

அடுத்த கிழமை கவுன்சில் அறிவித்தல் போட்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது, மண்டபத்தின் கதவிலும் ஒட்டினார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுத்தில், கையெழுத்துடன் தர வேண்டும். நான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் முன் மேசைக்குப் போய்க் கடிதங்களைப் பார்ப்பேன். ஒருவன் தன் வேலியைப் பற்றி எழுதியிருந்தான். இன்னொருவன் தன் நாய்க்குச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அந்த ஊரிலிருந்து ஒரு வரி இல்லை.

முதல் கிழமை பரிதாபப்பட்டேன், இரண்டாவது கிழமை ஆத்திரம் வந்தது. யுத்தம் முடிந்து எத்தனை காலம்? இப்போது யார் உங்களை முகாமில் போடப்போகிறார்கள்? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா? நாங்கள் எழுதி எழுதித் தோற்றோம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நீங்கள் எழுதாமலே தோற்கப்போகிறீர்கள். மேசையில் குனிந்து கோடு கீறிக்கொண்டே இப்படி மனதுக்குள் அவர்களைத் திட்டுவேன். நேரே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கவுன்சில் ஊழியன் ஆட்சேபணை எழுதச் சொல்லித் தூண்டினான் என்று வந்தால், தற்காலிக வேலை அன்றோடு சரி.

ஒருநாள் மட்டும் எஞ்சினியரிடம் வாயைக் கொடுத்தேன். அவர் எனக்கு மேலே உள்ளவர். கெட்டவர் இல்லை, தன் தேநீரைத் தானே போட்டுக்கொள்கிற ஆள். "அந்தக் கீழ்த் துண்டில் பழைய புதைகுழிகள் இருக்கலாம் என்று ஒரு கதை இருக்கிறது," என்றேன்.

"கதையா? யார் சொன்னது?"

"பொதுவாக."

"எழுத்தில் ஏதும் வந்தால் கொண்டு வாருங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

அன்று வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள்.

"அவை எழுதாட்டி நீங்கள் எழுதிக் குடுத்தால் என்னப்பா? நீங்கள் கண்ணால கண்டனீங்கள்தானே."

"அது அவையின்ர ரகசியம். அறுபது வருசமா ஒளிச்சு வைச்ச புத்தகம். என்னை நம்பிக் காட்டினவை. நான் போய் அதை வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் குடுக்கிறதோ?"

"ரகசியமோ, வேலை போயிடும் எண்ட பயமோ?"

"வேலை போனா உன்ர கொப்பர் வந்து சோறு போடுவாரோ?"

அவள் பருப்புச் சட்டியை இறக்கி வைத்தாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவேயில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் நான் அவளுடைய தகப்பனை இழுத்தேன்.

மாதம் முடிந்தது. ஒரு கடிதமும் வரவில்லை. வரைபடத்தின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். எஞ்சினியர் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை மண் தள்ளும் இயந்திரம் போனது. ஓடையோரத்தை மட்டமாக்கிவிட்டு வந்ததாக ஓட்டுநர் சொன்னான். அவன் இன்னொன்றும் சொன்னான். கறுப்புக் கோட்டுப் போட்ட கொஞ்சம் கிழடுகள் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நின்று காலையிலிருந்து பின்னேரம்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். மறிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் ஒரு கிழவி அவனுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாராம். அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதைவிட அந்தக் கோட்டுக்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை கந்தோர் திறந்தவுடன் அந்தப் பெண்மணி முன் மேசையடியில் நின்றார். கையில் துணிப்பை. என்னைத்தான் கேட்டாராம். நான் போனதும் மிகவும் பணிவாகச் சொன்னார்.

"தொந்தரவுக்கு மன்னியுங்கள். உங்கள் ஆட்கள் தவறான இடத்தில் வேலை செய்துவிட்டார்கள். சனி, ஞாயிறு நீங்கள் மூடியிருந்தீர்கள். அதனால் இன்றைக்கு வந்தேன்."

என் பொறுமை அதோடு போய்விட்டது. கந்தோர் முழுவதும் கேட்கக் கத்தினேன். தவறான இடம் இல்லை. வரைபடத்தில் உள்ள இடம்தான். ஒரு மாதம் தந்தோமே, கதவில் ஒட்டினோமே, ஒரு வரி எழுத உங்களுக்குக் கை இல்லையா? நாய்க்காக ஒருவன் இரண்டு பக்கம் எழுதினான். உங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வரி எழுத முடியவில்லையா? தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு வந்து நிற்கிறீர்கள். இன்னும் என்னென்னவோ கத்தினேன்.

அவர் நான் முடிக்கும்வரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"நாங்கள்தான் அறிவித்தோமே."

"யாருக்கு?"

"உங்களுக்கு. கவுன்சிலில் இருந்து நீங்கள் வந்தீர்கள். புத்தகத்தை வெளியாருக்குக் காட்டுவதில்லை. உங்களுக்குக் காட்டலாமா என்று கூட்டத்தில் கேட்டோம், ஒருவரும் செருமவில்லை. அந்தச் சனிக்கிழமை உங்களுக்குக் காட்டினோம். நீங்கள் விளங்குகிறது என்று சொல்லிக் கை கொடுத்தீர்கள். கவுன்சிலுக்கு அறிவிக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறோம்."

பைக்குள் கையை விட்டு, அந்தத் துணி உறையை வெளியே எடுத்தார். மனிதர் பயந்தாங்கொள்ளிகள், ஊமைகள், கல்லிலே நார் உரித்தாலும் இவர்களிடமிருந்து ஒரு சொல் வராது என்று ஒரு மாதமாக நான் திட்டியது யாரை? அறுபது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர்கள் வாய் திறந்து சொன்னது என்னிடம். என் நாட்டுக் கதையைச் சொல்லிக் கேக்கையும் தின்றுவிட்டு வந்தது நான்.

சத்தம் கேட்டு எஞ்சினியர் உள்ளேயிருந்து வந்தார். புத்தகத்தைக் கண்டதும், என்ன இது என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டார். அவர் திறந்து காட்டினார். எஞ்சினியர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பெண்மணி சொல்லச் சொல்லக் கேட்டார். ஏழாவது வரிக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது முதலே என் மேசைக்கு வந்திருந்தால் வீதியை மேற்கால் தள்ளியிருப்பேன். அங்கே எலுமிச்சைத் தோட்டம்தானே. ஒரு பின்னேர வேலை," என்றார். பிறகு மரியாதையாக, தாழ்ந்த குரலில் கேட்டார். "அம்மா, இந்தப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் யாருக்காவது முன்பு காட்டினீர்களா?"

அவர் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"இல்லை," என்றார். "நாங்கள் பிந்திவிட்டோம்."

என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். அவள் நல்லவள், அப்படித்தான் சொல்வாள். எனக்கு உண்மை தெரியும்: அந்த ஊரில் அரசாங்கத்து ஆளைப் பற்றி அரசாங்கத்திடம் முறையிடுவதில்லை. அந்தச் சனிக்கிழமை கை கொடுத்தவனை அவர் காப்பாற்றவில்லை. பொலிஸுக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று தகப்பனிடம் கற்றாரோ, அப்படி எனக்கு முன்னால் நின்றார்.

எஞ்சினியர் வருத்தம் தெரிவித்தார். பெண்மணி நன்றி சொன்னார். புத்தகத்தை உறையில் சுற்றி, உறையின் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, பைக்குள் வைத்தார். வயதான விரல்கள், நிறைய நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுவதும் நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.